கிராண்ட் கல்லறையில் ஒரு தப்பு

கேள்வி கேட்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. தெரியாததால் கேட்கிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை. வழியைச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொரு வகை இருக்கிறது. நமக்குத் தெரியாது என்பதை நம் வாயாலேயே வரவழைத்து, அதைச் சுற்றி நிற்கிற நாலு பேருக்கும் கேட்கும்படி செய்து, நாம் அசடு வழிந்து முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்து, அதற்குப் பிறகு விடையைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுகிற வகை. இந்த வகைக்குத் 'தப்புக்காரர்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். தப்புச் செய்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். 'தப்பு!' என்று சொல்கிறவர். அதைச் சொல்வதற்காகவே காலையில் எழுந்து பல் தேய்க்கிறவர்.

தப்புக்காரர் இல்லாத ஊர் கிடையாது. ஆனால் அவர் நன்றாகக் கொழுத்து வளர்வது நியூயார்க்கில் எங்கள் பேட்டையில்தான். காரணம் இருக்கிறது. ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி, எங்கள் தெரு முடிகிற இடத்தில், நாட்டின் பதினெட்டாவது ஜனாதிபதி ஜெனரல் கிராண்ட் புதைக்கப்பட்டிருக்கும் கல்லறை இருக்கிறது. கல்லறை என்றால் ஏதோ மேடும் சிலுவையும் என்று எண்ண வேண்டாம். தூண் வைத்து, கூம்பு வைத்து, உச்சிக்குப் போகப் போக 'இன்னும் கொஞ்சம் வை' என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்ததுபோல் கட்டிய மாளிகை. வாசலுக்கு மேலே 'நமக்கு அமைதி வேண்டும்' என்று அவர் சொன்ன வாசகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வாசகத்துக்கு நேர் கீழே நின்றுதான் எங்கள் தப்புக்காரர்கள் தொழில் நடத்துகிறார்கள்.

தொழிலுக்கு மூலதனம் ஒரே ஒரு விடுகதை. "கிராண்ட் கல்லறையில யாரைப் புதைச்சிருக்காங்க?" இந்த நாட்டில் பிறந்த எல்லோரும் இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். வெளியூர்க்காரர் யோசிப்பார். இதில் என்ன சூது இருக்கப்போகிறது, பேரிலேயே விடை இருக்கிறதே என்று தைரியம் கொண்டு, "கிராண்டை" என்பார். முடிந்தது கதை. "தப்பு! யாரையும் புதைக்கல. தரைக்கு மேல கல்லுப் பெட்டியில வச்சிருக்காங்க. புதைக்கிறதுன்னா மண்ணுக்குள்ள. மண்ணு எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்!" வெளியூர்க்காரர் மண்ணைத் தேடுவார். நிஜமாகவே குனிந்து தேடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் எனக்கு நேர் கீழ்மாடியில் குடியிருக்கும் இர்வின் சோபல்மன், இந்த வகையில் முழு வளர்ச்சி அடைந்தவர். பிராட்வேயில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஆயுசு முழுக்க மனிதர்களை இருட்டறையில் உட்காரவைத்து, சுவரில் எழுத்தைக் காட்டி, "இது என்ன எழுத்து?" என்று கேட்டு, அவர்கள் கண்ணை இடுக்கி "ஈ" என்று சொன்னால், "தப்பு, எஃப்" என்று சொல்லிப் பிழைத்தவர். கடையை மூடிவிட்டார். வாயை மூட முடியவில்லை. லிஃப்டில் ஏறினால், "சுதந்திர தேவி சிலை எந்த மாநிலத்துல இருக்கு?" என்பார். நியூயார்க் என்று சொன்னால், "தப்பு, சுத்தியிருக்கிற தண்ணி நியூ ஜெர்சியோடது" என்பார். நியூ ஜெர்சி என்று சொன்னால், "தப்பு, தீவு நியூயார்க்கோடது" என்பார். அவரிடம் ஜெயிக்க ஒரே வழி படியில் ஏறிப் போவது. ஆறாவது மாடி. ஏறியிருக்கிறேன்.

மனைவி பெர்னிஸ் இறந்தபோது, யூத மதகுரு கண்ணீரோடு எழுந்து, "புரூக்ளினில் பிறந்த இந்த நல்ல ஆத்மா..." என்று ஆரம்பித்தார். முன்வரிசையிலிருந்து கணீரென்று வந்தது: "தப்பு! பிராங்க்ஸ்." மதகுரு அதற்கு மேல் கையிலிருந்த காகிதத்தையே பார்க்கவில்லை. பாதி ஜெபத்தை இர்வின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சொன்னார்.

அடக்கம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று பெர்னிஸுக்கு அன்றைக்கு நடந்தது. இன்னொன்று இர்வினுக்கு இன்னும் நடக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருஷமாகக் கல்லறை வாசலில் நின்று கேள்வி கேட்ட மனிதர், ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. எதற்குப் போக வேண்டும்? விடைதான் தெரியுமே. தப்புக்காரர் யாரும் உள்ளே போகமாட்டார். உள்ளே போனால் புதிதாக ஏதாவது இருந்து தொலைக்குமோ என்ற பயம்.

இப்படிப்பட்டவருக்குக் காதல் வந்தது. நான் என்ன செய்ய?

நாலாவது மாடியில் பியானோ சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருத்தி பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். அவளைப் பார்த்துக்கொள்ள ஒஹையோவிலிருந்து அவள் அம்மா வந்தாள். வெர்னா ஸ்டக்கி. கணவனை இழந்தவள், என் வயது, நிதானமாகப் பேசுகிறவள். கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறையில் இர்வின் அவளிடம், "இதுல எந்த மிஷின் நல்லா ஓடும், சொல்லுங்க?" என்று ஆரம்பித்தார். அவள் ஒன்றைக் காட்டினாள். "தப்பு!" அவள் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். 'தப்பு' என்று சொல்லி ஒரு பெண் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. மறுநாள் துவைத்த துணியையே எடுத்துக்கொண்டு போய் மறுபடி துவைத்தார்.

ஏப்ரல் கடைசியில் மகளுக்குக் கட்டுப் பிரித்தார்கள். வெர்னா ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். இர்வின் என் வீட்டுக்கு வந்து, நான் சாப்பிட வைத்திருந்த பேகல் ரொட்டியை எடுத்துத் தின்றுகொண்டே, முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்.

"அவ போயிட்டா நான் மறுபடி சமையலறையில நின்னுக்கிட்டே சாப்பிடணும், எஸ்டெல்."

"என் பேகலை உட்கார்ந்துதானே தின்னுட்டிருக்கே. அவளை இருக்கச் சொல்லிக் கேளேன்."

"எப்படிக் கேக்கறது? மாட்டேன்னுட்டா?"

"மாட்டேன்னு சொல்லலாம், சரின்னும் சொல்லலாம். அதுக்குத்தான் கேக்கறது."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதர் விடை கையில் இல்லாத கேள்வியை வாழ்நாளில் கேட்டதே இல்லை. பெர்னிஸைக்கூட அவர் கல்யாணத்துக்குக் கேட்கவில்லை, அவள்தான் கேட்டாள்.

"சரி, அவ எந்த ஊருன்னாவது கேட்டிருக்கியா?"

"ஒஹையோ."

"ஒஹையோல எங்க?"

"ஒஹையோன்னா ஒஹையோதான். அதுக்குள்ள வேற எங்க இருக்கு?"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் எல்லாமே ஒரே வயல்காடு என்று நம்புகிற நியூயார்க்கரிடம் இதற்கு மேல் என்ன பேசுவது? வியாழக்கிழமை கல்லறைப் பக்கம் அழைத்துப் போகிறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஊர்ல வேற இடமே இல்லையா? அங்க போனா உன் வாய் சும்மா இருக்காது."

"எதிர்ப் பூங்காவுல செர்ரி பூத்திருக்கு. ஆறு தெரியும். பெஞ்சு இருக்கு. நான் அந்தக் கேள்வியைக் கேக்க மாட்டேன், சத்தியம். சந்தேகமா இருந்தா நீயும் வா. தள்ளி உட்காரு. நான் ஆரம்பிக்கிற மாதிரி தெரிஞ்சா இருமு."

ஆக வியாழக்கிழமை, என் நாயையும் இழுத்துக்கொண்டு, இருமுவதற்காகக் கிளம்பினேன். இந்த வயதில் இப்படி ஒரு வேலை.

கல்லறையைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும் சிமெண்டு பெஞ்சுகள் இருக்கின்றன. உடைந்த ஓடு, வண்ணக்கல், மீன், டாக்ஸி, கடற்கன்னி என்று கண்டதையும் ஒட்டிவைத்த பெஞ்சுகள். ஜெனரல் பார்த்திருந்தால் பீரங்கி வைத்திருப்பார். இர்வினும் வெர்னாவும் ஒரு வளைவில், நான் அடுத்த வளைவில். கதவு சாத்தியிருந்தது. அதை எப்போது திறப்பார்கள், எப்போது சாத்துவார்கள் என்று நினைவு வைத்திருக்கிற ஆள் எங்கள் தெருவில் கிடையாது.

ஆரம்பம் நன்றாகவே போனது. இர்வின் பூவைப் பற்றிப் பேசினார். ஆற்றைப் பற்றிப் பேசினார். அப்போது பார்த்து, நெப்ராஸ்கா என்று எழுதிய தொப்பி போட்ட ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. அப்பன்காரன் மகளுக்குக் கல்லறையைக் காட்டி, நல்ல கனத்த குரலில் சொன்னான்: "பாத்தியாம்மா, கிராண்டை இங்கதான் புதைச்சிருக்காங்க."

இர்வினின் ஆள்காட்டி விரல் தானாக எழுந்தது. இருமினேன். விரல் நின்றது, ஆனால் இறங்கவில்லை. மறுபடி இருமினேன். அப்பன்காரன் விடாமல், "மண்ணுக்கு அடியில எவ்வளவு ஆழமோ!" என்றான். கேட்க வேண்டுமா? நான் இருமிய இருமலில் நாய் குரைத்தது, நெப்ராஸ்காக்காரி ஓடிவந்து என் கையில் இருமல் மிட்டாய் ஒன்றைத் திணித்து முதுகைத் தடவினாள். இர்வின் பல்லைக் கடித்து, முகம் சிவந்து, கண்ணில் நீர் தளும்ப உட்கார்ந்திருந்தார்.

வெர்னா அவரை உற்றுப் பார்த்தாள். "கிராண்ட் மேல உங்களுக்கு இவ்வளவு மரியாதைன்னு எனக்குத் தெரியவே தெரியாது, இர்வின்" என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னாள். "கதவைத் திறந்துட்டாங்க. வாங்க, உள்ள போய்ப் பாத்துட்டு வரலாம்."

உள்ளேயா? அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! நாயின் கயிற்றை நெப்ராஸ்காக்காரியிடம் கொடுத்துவிட்டு, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.

உள்ளே எல்லாம் வெள்ளைப் பளிங்கு. நடுவில் தரையை வட்டமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால் கீழே கல்லுப் பெட்டி தெரியும். அகலத் தொப்பி போட்ட காவல்காரப் பெண் ஒருத்தி ஓரமாக நின்றாள். இர்வின் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ரெண்டு இருக்கு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எஸ்டெல், ரெண்டு பெட்டி இருக்கு."

இருக்கும். இத்தனை வருஷமாக இருக்கிறது. ஒரே அளவு, ஒரே சிவப்புக் கல், பக்கத்தில் பக்கத்தில்.

வெர்னா கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. 'இப்பக் கேளு' என்று நான் ஜாடை காட்டினேன். இர்வின் தொண்டையைச் செருமினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கேட்க வேண்டிய கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது, எனக்கே தெரிந்தது. வந்த கேள்வி பயந்துபோய், பழகின கேள்வியின் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"வெர்னா, கிராண்ட் கல்லறையில யாரைப் புதைச்சிருக்காங்க?"

வாயில் மிட்டாய். நான் எங்கே இருமுவது?

வெர்னா தலையைத் திருப்பாமலே, "ஜூலியாவை" என்றாள்.

"தப்பு!"

மேலே குவிமாடம். 'தப்பு' மேலே போனது, சுற்றியது, திரும்பி வந்தது. தப்பு, தப்பு, தப்பு. காவல்காரப் பெண், "மெதுவா சார்" என்றாள். சொன்ன பிறகுதான் இர்வினுக்கு உறைத்தது. கிராண்ட் என்று சொல்லியிருக்கிறார்கள், தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள், லிங்கன் என்றுகூட ஒருவன் சொல்லியிருக்கிறான். ஜூலியா என்று இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. அது யார் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"ஜூலியா அவர் பொண்டாட்டி" என்றாள் வெர்னா. "எனக்கு ஜார்ஜ்டவுன். கிராண்ட் சின்னப் பையனா வளர்ந்த ஊரு. ஊர்த் திருவிழாவுல ஒவ்வொரு வருஷமும் நான்தான் ஜூலியா வேஷம் கட்டுவேன். என் பக்கத்துல கிராண்டா நின்னவன் பல் மருத்துவரோட பையன், தாடி கீழ விழுந்துகிட்டே இருக்கும். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், இர்வின். குளிர்காலம் பூரா நீங்க ஏதாவது கேட்டுக்கிட்டேதான் இருந்தீங்க. எந்த ஊருன்னு கேக்கல."

இர்வின் கீழே இருந்த பெட்டிகளை மறுபடி எட்டிப் பார்த்தார்.

"ராணுவப் பள்ளிக்கூடத்துலயே இவரை அடக்கம் பண்ணியிருக்கலாம். அங்க பொண்டாட்டிக்கு இடம் கிடையாதுன்னு தெரிஞ்சதும், அது வேணாம்னுட்டார். எங்க வச்சாலும் சரி, பக்கத்துல அவ வரணும். அவர் கேட்டது அவ்வளவுதான். அதனாலதான் இது உங்க தெருவுல இருக்கு. நீங்க வாசல்ல நின்னு புதைச்சாங்களா, வச்சாங்களான்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்களாம், என் மக சொன்னா."

இந்த இடத்தில் எந்த மனிதனும் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்பான். தப்புக்காரர் மனிதன் இல்லையே. "இல்ல... வந்து... தரைக்கு மேல..." என்றார் இர்வின், முனகலாக. அவரை அந்தக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட எனக்குக் கை பரபரத்தது. கீழே மூன்றாவது பெட்டிக்கு இடமும் இருந்தது.

வெர்னா பெரிய மூச்சாக விட்டாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "சரி. கால் வலிக்குது, கிளம்பலாம். ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குப் போறேன்."

"தப்பு!"

வேண்டுமென்று சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. யாராவது ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வைத்து முடித்தால் அவர் வாயிலிருந்து தானாக வருவது அது. ஆனால் இந்தத் தடவை அது வேறு மாதிரி வந்தது. குவிமாடத்தில் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது, யாரோ யாரையோ கெஞ்சுவதுபோல இருந்தது. காவல்காரப் பெண்கூட இந்தத் தடவை அதட்டவில்லை.

வெர்னா நின்றாள். "தப்பா? டிக்கெட் எடுத்தாச்சு. அப்ப சரியான விடை என்ன, சொல்லுங்க."

இர்வின் யோசித்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கே ஒன்றும் இல்லை.

"தெரியல" என்றார்.

இந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து முதல் தடவையாக அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு திட்டித் தீர்க்கிறேனே, அந்த நிமிஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"எனக்குத் தெரியல, வெர்னா. நீங்க... இங்கயே இருப்பீங்களா?"

அவள் அவரை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன். விடைக்குக் காத்திருந்து உங்களுக்குப் பழக்கமில்ல. பழகிக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பியே போய்விட்டாள். கோடை முழுக்க இர்வின் யாரையும் எதுவும் கேட்கவில்லை. லிஃப்டில் நின்று எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் மட்டும் அவ்வப்போது, "வருவாளா, எஸ்டெல்?" என்பார். "எனக்கு எப்படித் தெரியும்?" என்பேன். கட்டடமே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி யாருக்கும் பிடிக்கவில்லை.

இலை உதிர ஆரம்பித்தபோது ஒரு நாள், இரண்டு பெட்டிகளோடு வெர்னா கீழே வந்து இறங்கினாள். நானும் இர்வினும் வாசலில்தான் இருந்தோம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"எத்தனை பெட்டி கொண்டு வந்திருக்கேன், சொல்லுங்க?"

"ரெண்டு" என்றார் இர்வின், எண்ணிப் பார்த்துவிட்டு.

"தப்பு. மிச்சமெல்லாம் லாரியில வருது."

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று எதிர்பார்க்கிறீர்களா? இந்த வகை திருந்தாது. கொஞ்சம் நகர்ந்து உட்காரும், அவ்வளவுதான். இப்போதும் செர்ரி பூக்கிற காலத்தில் கல்லறை வாசலுக்குப் போகிறார். கூட வெர்னாவும் போகிறாள். வெளியூர்க்காரர்களைப் பிடித்து நிறுத்தி, "இதுக்குள்ள எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்கிறார். எல்லோரும் ஒருத்தர் என்கிறார்கள். "தப்பு!" என்று விரலைத் தூக்கிவிட்டு, உள்ளே அழைத்துப்போய், சுவரருகே நிறுத்தி, இரண்டு பெட்டியையும் காட்டுகிறார். ஜூலியாவின் கதையை அவர் சொல்லும்போது வெர்னா இடையில் இரண்டு தடவையாவது "தப்பு" என்கிறாள். அவர் சிரிக்கிறார்.

நீங்கள் இப்படிப்பட்டவர் இல்லை என்று நினைத்துத்தானே இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்? நல்லது. ஒரே ஒரு சின்ன விஷயம். ஜெனரல் கிராண்ட் 'புதைக்கப்பட்டிருக்கும்' கல்லறை என்று நானே முதல் பத்தியில் எழுதிவைத்தேன். வேண்டுமென்றேதான். விடுகதையின் விடை தெரிந்ததும், 'ஆகா, இந்தம்மாவே தப்பாக எழுதியிருக்கிறாளே' என்று உங்கள் விரல் எழுந்ததா, இல்லையா?

எழவில்லையா? சந்தோஷம். அப்படியானால், 'முதல் பத்தி இல்லை, அது இரண்டாவது பத்தி' என்று இப்போது உங்கள் உதடு அசைந்ததே, அது என்ன?

வாருங்கள். பெஞ்சு நீளமானது, இர்வின் பக்கத்தில் இடம் இருக்கிறது.